சீமெந்துப் பெட்டியும் கடற்காற்றும்: தெஹிவளையில் தயாராகும் மாதிரிச் சரக்குப் பெட்டித் தொகுப்பு ஒன்றின் மதிப்பீடு

இலங்கைப் புகையிரதத்தின் நான்கு சக்கர மூடிய சரக்குப் பெட்டியை 1:76 அளவில் (உண்மையானதில் 76இல் ஒரு பங்கு) நாமே கட்டிக்கொள்வதற்கான தொகுப்பு ஒன்று தெஹிவளையில் ஒரு வீட்டின் மேல்மாடி அறையில் தயாராகிறது. அதில் ஒன்றை வாங்கி, ஆறு வாரம் மாலைப் பொழுதுகளில் இருந்து கட்டி, வர்ணம் பூசி, துருவும் புழுதியும் ஏற்றி முடித்த பிறகே இதை எழுதுகிறேன். தயாரிப்பவர் ஓர் இளைஞர். பகலில் வேறு வேலை பார்க்கிறார்; தெரிந்தவர்கள் மூலம் வரும் வேண்டுகோள்களுக்கு மட்டும் செய்துகொடுக்கிறார். கூட்டம் சேர்ந்தால் தன்னால் சமாளிக்க முடியாது என்று கேட்டுக்கொண்டதால் அவருடைய பெயரை இங்கே தவிர்த்திருக்கிறேன். கொழும்பில் இந்தப் பொழுதுபோக்கில் இருப்பவர்கள் இரண்டு பேரை விசாரித்தால் அவரிடம் போய்ச் சேர்ந்துவிடலாம்.

பதினொரு வருடமாக நான் கட்டிவந்தவை எல்லாம் பிரித்தானியப் பெட்டிகள். பீக்கோ நிறுவனத்தின் பார்க்சைட் வரிசையும், பழைய எயார்ஃபிக்ஸ் அச்சுகளிலிருந்து டாபோல் வார்த்து விற்கும் தொகுப்புகளுமே எனக்குக் கை பழக்கின. பதினாறு தொன் நிலக்கரிப் பெட்டி மட்டும் ஒன்பது கட்டியிருக்கிறேன். அதன் சாம்பல் நிறப் பக்கத்தில் குறுக்காக ஏறும் வெள்ளைக் கோடு எந்த முனையில் கவிழ்க்கும் கதவு இருக்கிறது என்று தொழிலாளிக்குக் காட்டப் போடப்பட்டது என்பதை அறிந்து, அந்தக் கோட்டை இழைப்பதற்கு ஒரு முழு ஞாயிற்றுக்கிழமையைச் செலவழித்ததும் உண்டு. ஆனால் என் மேசையில் ஓடிய அந்த வண்டி நான் கண்ணால் கண்ட வண்டி அல்ல. நான் கண்டது காங்கேசன்துறைச் சீமெந்து மூட்டைகளை ஏற்றிக்கொண்டு வடக்குப் பாதையில் தெற்கு நோக்கிப் போன கூட்ஸ் வண்டி. அந்தத் தொழிற்சாலை 1990இல் நின்றது. பாதையும் அதே ஆண்டில் அறுந்தது. யாழ்ப்பாணத்துக்கு ரயில் மறுபடி வந்து சேர 2014 ஒக்டோபர் ஆனது, ஆனால் சீமெந்து வண்டி வரவில்லை. ஆகவே அந்தப் பெட்டியின் தொகுப்பு ஒன்று நம் ஊரிலேயே தயாராகிறது என்று கேள்விப்பட்டபோது நான் விலையைக் கூடக் கேட்கவில்லை.

தொகுப்பின் அட்டைப்பெட்டியைத் திறந்தால் முதலில் தெரிவது சாம்பல் நிற ரெசினில் முப்பரிமாணமாக அச்சிட்ட உடல். நான்கு பக்கமும் ஒரே துண்டு. கூரை தனி. அடிச்சட்டம் தனி. சக்கர அச்சின் முனைகளை மூடும் அச்சுப்பெட்டிகளும் தகட்டு ஸ்பிரிங்குகளும் சேர்ந்த நான்கு துண்டுகள், பிரேக் கட்டைகளும் அவற்றை இழுக்கும் கம்பிகளும், நான்கு பஃபர் (பெட்டிகள் ஒன்றோடொன்று மோதும்போது தாங்கும் முட்டுகள்), இரண்டு கொக்கி, ஒரு சிறு பையில் அச்சு முனைகள் அமர்ந்து சுழலும் பித்தளைத் தாங்கிக் கிண்ணங்கள், நீரில் ஊறவைத்து ஒட்டும் எழுத்துத் தாள் ஆகியவை மீதி. வெதரிங், அதாவது துருவும் அழுக்கும் ஏறிய பழைய தோற்றம் தரும் வேலை, செய்வதற்கென நான்கு சிறு குப்பிகளில் நிறத்தூள்களும் உண்டு. சக்கரங்கள் இல்லை. அவற்றைப் பிரித்தானியாவிலிருந்து வரவழைக்க வேண்டும். எனக்கு அவை வந்து சேர ஏழு வாரம் எடுத்ததால், தொகுப்பை வாங்கும் முன்பே சக்கரத்துக்குச் சொல்லிவைப்பது நல்லது.

இந்தத் தொகுப்பை நான் மதிப்பதற்கு முதற் காரணம் அதன் அடிப்பாகம். இலங்கையின் அகலப் பாதை 5 அடி 6 அங்குலம், அதாவது 1,676 மில்லிமீற்றர். அடிக்கு 4 மி.மீ. என்ற கணக்கில் அதைச் சுருக்கினால் தண்டவாளங்களுக்கு இடையில் 22 மி.மீ. இருக்கவேண்டும். 1:76 மாதிரிகளுக்கென்று கடையில் கிடைக்கும் டபிள் ஓ (OO) தண்டவாளமோ 16.5 மி.மீ. பிரித்தானியாவின் 4 அடி 8½ அங்குலப் பாதைக்கே அது ஒடுக்கம்; சரியாகப் பார்த்தால் அதற்கு 18.83 மி.மீ. வேண்டும். நம்முடைய பெட்டியை அதில் நிறுத்தினால், கணக்குப்படி அது 4 அடி 1½ அங்குலப் பாதையில் நிற்கிறது. பிரித்தானியப் பெட்டியில் கண் மன்னித்துவிடும் குறை, அகன்ற உடலுள்ள நம் பெட்டியில், பெரிய ஆள் ஒருவர் கால்களை ஒடுக்கிக்கொண்டு நிற்பதுபோல் உறுத்தும். 1:100 என்ற அளவைத் தேர்ந்தால் 16.76 மி.மீ. வரும், ஏறக்குறைய அப்படியே பொருந்தும். ஆனால் அந்த அளவில் எஞ்சினும் இல்லை, பயணிகள் பெட்டியும் இல்லை, பக்கத்தில் நிறுத்த ஒரு லொறியும் இல்லை. எல்லாவற்றையும் ஒருவரே செய்யவேண்டும். 22 மி.மீ. தண்டவாளத்தைக் கையால் போடுவது இன்னொரு வழி. அதைச் செய்யக்கூடிய பொறுமைசாலிகளை நான் வணங்குகிறேன், ஆனால் என் தொடர்மாடி வீட்டில் அதற்கு இடமும் இல்லை, காலமும் இல்லை.

தயாரிப்பாளர் இதற்குக் கண்டிருக்கும் வழி எளிமையானது, ஆனால் யோசித்துச் செய்தது. வெளியே தெரியும் அச்சுப்பெட்டிகளும் ஸ்பிரிங்குகளும், உண்மையான பெட்டியில் எங்கே இருக்குமோ அதே அகலத்தில், அடிச்சட்டத்தின் நீளப் பலகைக்கு நேர் கீழே ஒட்டப்படுகின்றன. அவை பார்வைக்கு மட்டும். சக்கரத்தை உண்மையில் தாங்குவது உள்ளே மறைந்திருக்கும் இன்னொரு சோடிச் சட்டம். கூர்முனையுள்ள 26 மி.மீ. அச்சை ஏற்கும் வகையில் அது அளவெடுத்துச் செய்யப்பட்டிருக்கிறது. பக்கத்திலிருந்து பார்த்தால் அகலப் பாதைப் பெட்டி; முன்னாலிருந்து குனிந்து பார்த்தால்தான் சக்கரம் உள்ளே தள்ளி நிற்பது தெரியும். உள் சட்டத்துக்கு மங்கலான கறுப்புப் பூசி, சக்கரத்தின் முகத்தை மண்பழுப்பாக்கிவிட்டால், அந்த இடைவெளி நிழலுக்குள் கரைந்துபோகிறது. இதை என் வீட்டுக்கு வந்த இரண்டு பேரிடம் சொல்லாமல் காட்டினேன். இருவருமே சக்கரத்தைப் பற்றி எதுவும் கேட்கவில்லை.

உள் சட்டத்தில் முன் அச்சு அசையாதது. பின் அச்சைத் தாங்கும் துண்டு, நடுவில் ஓடும் ஒரு மெல்லிய பித்தளைக் கம்பியில் இருபக்கமும் சாய்ந்தாடும்படி கோர்க்கப்பட்டிருக்கிறது. நான்கு கால் கதிரை சமமில்லாத தரையில் ஆடும், முக்காலி ஆடாது, அதே தத்துவம்தான். தண்டவாளம் ஓர் இடத்தில் அரை மில்லிமீற்றர் தாழ்ந்திருந்தாலும் நான்கு சக்கரமும் படிந்தே ஓடுகின்றன. கட்டி முடித்து ஒரு கண்ணாடித் துண்டின்மேல் வைத்து மூலைகளை மெல்ல அழுத்திப் பார்த்தேன். எந்த மூலையும் தூக்கவில்லை. சக்கரங்களின் உட்பக்க இடைவெளியை 14.5 மி.மீ. என்று சரிபார்த்துக்கொண்டால், வளைவுகளிலும் சந்திகளிலும் தடம்புரளாமல் போகிறது. எனக்குத் தெரிந்த பிளாஸ்டிக் தொகுப்புகளில் இந்த வசதியை நாமே தனியாக வாங்கிப் பொருத்தவேண்டும். இங்கே அது தொகுப்போடேயே வருகிறது.

ஆனால் தாங்கிக் கிண்ணங்களுக்கான துளைகள் சரியாக இல்லை. 2 மி.மீ. இருக்கவேண்டிய இடத்தில் ரெசின் சுருங்கி, கிண்ணம் உள்ளே போக மறுக்கிறது. பலமாக அழுத்தினால் சட்டம் வெடிக்கும். முதல் துளையில் எனக்கு ஒரு மயிர்க்கோடு விழுந்துவிட்டது. கைத்துரப்பணத்தில் 2 மி.மீ. அலகைப் பூட்டி, விரலால் மட்டும் சுழற்றி, துளியாகத் துருவி எடுத்தபின் மற்ற மூன்றும் ஒழுங்காக அமர்ந்தன. இதைத் தயாரிப்பாளரிடம் சொன்னேன். "அண்ணை, மழைக்காலத்திலை அச்சடிச்சது அது, இனித் துளையைக் கொஞ்சம் பெருப்பிச்சு வரையிறன்" என்றார்.

ரெசினைப் பற்றி இன்னும் சொல்லவேண்டும், ஏனென்றால் பிளாஸ்டிக்கில் பழகிய கை இங்கே பல இடத்தில் பிழைவிடும். இது ஒளியால் இறுகும் ரெசின். படலம் படலமாக அச்சிடப்படுவதால் நேர்ச்சுவர்கள் மிகச் சுத்தமாக வருகின்றன. தகடுகளைப் பிணைக்கும் ரிவெட் ஆணிகளின் தலைகள் ஒவ்வொன்றும் தனித்தனியாக நிற்கின்றன. இவ்வளவு கூர்மையை நான் வார்ப்புப் பிளாஸ்டிக்கில் கண்டதில்லை. வளைந்த கூரையில்தான் சிக்கல். நெல்வயல் வரம்புகளைப் போல மெல்லிய படிக்கோடுகள் கூரை முழுவதும் ஓடுகின்றன. வெறும் கண்ணுக்கு அரைகுறையாகத் தெரிபவை, வர்ணம் பூசியதும் பளிச்சென்று தெரியும். 400இல் தொடங்கி 1000 வரை சாண்ட் பேப்பரை நீரில் நனைத்துத் தேய்த்து, பிரைமர் என்ற அடிப்பூச்சைப் பூசி, மறுபடி தேய்த்து, மூன்று மாலை கழிந்தது. நனைத்துத் தேய்ப்பது வெறும் அழகுக்காக அல்ல. ரெசின் தூள் மூச்சில் போகக்கூடாது. முழுதாக இறுகாத ரெசின் தோலில் பட்டால் ஒவ்வாமை வரும். கையுறையும் முகமூடியும் இல்லாமல் இந்த வேலையைத் தொடவேண்டாம் என்று அட்டைப்பெட்டியிலேயே பெரிய எழுத்தில் அச்சிடவேண்டும். இப்போது அது படக்குறிப்புத் தாளின் அடியில் ஒரு வரியாக ஒளிந்திருக்கிறது.

பிரேக் கைப்பிடி பற்றி நான் மென்மையாகச் சொல்லப்போவதில்லை. அரை மில்லிமீற்றர் தடிப்பில், பெட்டியின் நீளத்தில் பாதிக்கு ஓடும் ஒரு துண்டை இந்த ரெசினில் செய்யவே கூடாது. அச்சிடும்போது துண்டைத் தாங்கிநிற்கும் ரெசின் கால்களிலிருந்து வெட்டும்போதே எனக்கு ஒன்று முறிந்தது. மற்றது ஒட்டியபின் சட்டைக் கையில் பட்டு முறிந்தது. 0.5 மி.மீ. பித்தளைக் கம்பியை நெருப்பில் ஒருமுறை காட்டி இளக்கி, வளைத்து, நுனியை அடித்துத் தட்டையாக்கி நானே செய்து பொருத்தினேன். அது இந்தப் பெட்டி இருக்கும்வரை இருக்கும். தயாரிப்பாளர் இரண்டு துண்டு கம்பியைப் பெட்டிக்குள் போட்டுவிட்டால் அந்தத் தலையிடி எவருக்கும் இராது.

கூரை வளைந்துபோனதற்கு நானே பொறுப்பு. பிரைமர் பூசிய கூரையை யன்னல் விளிம்பில் காயவைத்துவிட்டு அலுவலகம் போனேன். வெள்ளவத்தையில் கடலைப் பார்த்த யன்னல். பின்னேர வெயில் நேரே விழும். திரும்பி வந்தபோது நடுவில் இரண்டு மில்லிமீற்றர் தூக்கியிருந்தது. சுடுநீரில் ஒரு நிமிடம் அமிழ்த்தி, தடித்த இரண்டு புத்தகங்களுக்கு நடுவில் ஆறவிட்டேன், நேரானது. ஆயினும் பிரைமரை மறுபடி பூசவேண்டியதாயிற்று.

ஒட்டும் வேலைக்கு வருகிறேன். பிளாஸ்டிக்கைக் கரைத்து இணைக்கும் திரவப் பசை ரெசினில் பிடிக்காது; அது இரண்டு பக்கத்தையும் நனைத்துவிட்டு ஆவியாகிவிடும். சூப்பர் குளூ பிடிக்கும், ஆனால் நம்முடைய ஈரக்காற்றில் அது நினைப்பதற்கு முன்பே இறுகிவிடுவதோடு, மூட்டைச் சுற்றி வெண்பூஞ்சை படர்ந்ததுபோல் ஒரு படலத்தையும் விடுகிறது. ஆகவே பாரம் தாங்கும் இடங்களுக்கு இரண்டு பாகம் கலக்கும் எபொக்சியையும், பஃபர், கொக்கி போன்ற சிறு துண்டுகளுக்கு ஊசி நுனியில் தொட்ட சூப்பர் குளூவையும் பயன்படுத்தினேன். பஃபர்களை ஒட்டும்போது நான்கும் ஒரே மட்டத்தில் நிற்கின்றனவா என்று ஒரு சிறு கண்ணாடித் தகட்டில் முகத்தை அழுத்திப் பார்த்துக்கொள்ளவேண்டும்.

கட்டிய பெட்டி சக்கரத்தோடு 19 கிராம்தான் இருந்தது. ஓர் அச்சுக்கு 25 கிராம், ஆக 50 கிராம் என்பது பொதுவாகப் பின்பற்றப்படும் கணக்கு. அதற்குக் குறைந்தால் நீண்ட வண்டியின் நடுவில் இந்தப் பெட்டி வளைவில் உள்ளே சாய்ந்து விழும். பலர் ஈயக் குண்டுகளைப் போட்டு வெள்ளைப் பசை ஊற்றிவிடுகிறார்கள். அது செய்யவேண்டாம். அந்தப் பசையிலிருந்து வரும் அமிலத்தன்மை ஈயத்தை மெல்ல மெல்லக் காபனேற்றாக மாற்றுகிறது. அது ஊதி, சில வருடத்தில் சுவரைப் பிளந்துவிடும். ஈரப்பதம் உள்ள ஊரில் அந்த வேலை இன்னும் விரைவாக நடக்கும். பஞ்சிகாவத்தையில் வாகன உதிரிப்பாகக் கடையொன்றில் டயர் சமநிலைப்படுத்தும் இரும்பு வில்லைகளைக் கேட்டேன். ஒவ்வொன்றும் 5 கிராம். ஆறு வில்லையை எபொக்சியால் தரையில் ஒட்டியதும் 49 கிராம் காட்டியது. வர்ணம் மீதியை நிரப்பிவிடும்.

வர்ணத்தைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். என் நினைவில் இருந்த சிவந்த மண்பழுப்பை எயார் பிரஷால் மெல்லிய மூன்று படலமாக ஊதினேன். எழுத்துத் தாளில் இரண்டு காலத்துக்குரிய எழுத்துகளும் இருக்கின்றன: 1972க்கு முன்னைய இலங்கை அரசாங்கப் புகையிரதத்தின் சீ.ஜி.ஆர். அடையாளமும், பிந்தியதும். நான் முந்தியதை எடுத்தேன். எழுத்து ஒட்டும் இடத்தில் முதலில் பளபளப்பான வார்னிஷ் பூசவேண்டும். மங்கலான மேற்பரப்பில் ஒட்டினால் எழுத்தைச் சுற்றியுள்ள பசைத்தாளின் விளிம்புக்குள் காற்று சிக்கி, வெள்ளியாக மினுங்கும். தாளின் தரம் நன்று. ரிவெட்டின்மேல் கூட எழுத்து உட்கார்ந்து அதன் உருவத்தை எடுத்துக்கொண்டது.

அடுத்து வந்தது நான் வருந்தும் இடம். எழுத்தைப் பாதுகாக்க மங்கல் வார்னிஷை ஒரு தெளிப்புக் குப்பியிலிருந்து அடித்தேன். மாலை ஏழு மணி. மழை விட்டு ஒரு மணித்தியாலம். ஈரப்பதம் 80 சதவீதத்துக்கு மேல். பத்து நிமிடத்தில் பெட்டி முழுவதும் பால் கொட்டியதுபோல் வெளுத்துப்போனது. கரைப்பான் வேகமாக ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்கிறது. காற்றிலிருக்கும் நீராவி அதில் படிந்து, காயாத படலத்துக்குள்ளேயே சிக்கிக்கொள்கிறது. இரவு முழுவதும் எனக்கு நித்திரை இல்லை. மறுநாள் காலை பத்து மணிக்கு, நல்ல வெயிலில், மெதுவாக ஆவியாகும் தின்னரை மிக மெல்லிதாக மேலே ஊதியபோது, படலம் மறுபடி இளகி ஈரத்தை விட்டுவிட, நிறம் திரும்பியது. கூரையின் ஒரு மூலையில் மட்டும் ஒரு வெள்ளைத் திட்டு நின்றுவிட்டது. குப்பியில் எந்தக் குறையும் இல்லை. குளிர்ந்த உலர்ந்த நாடுகளுக்கென எழுதப்பட்ட குறிப்பை இங்கே அப்படியே பின்பற்றியதுதான் பிழை. கொழும்பில் வார்னிஷ் அடிப்பது முற்பகல் வேலை. குப்பியை இளஞ்சூட்டு நீரில் ஐந்து நிமிடம் வைத்தெடுத்து, மழை மணம் இல்லாத நாளில் செய்யவேண்டும்.

வெதரிங் என்று நாம் சொல்லும் வேலைதான் இந்தத் தொகுப்பின் சிறப்பும், அதன் பெரிய குறையும். நான்கு குப்பிகளில் பழைய துரு, புதுத் துரு, பிரேக் தூள், சீமெந்து என்று நான்கு நிறத்தூள். முதலாவது அருமையாக அமைந்திருக்கிறது. வெளிநாட்டுத் தொகுப்புகளில் வரும் துருத்தூள் பெரும்பாலும் செம்மஞ்சள். அதைப் பெட்டி முழுவதும் அப்பினால் பெட்டி பூசணிக்காய் போல் ஆகிவிடும். உண்மையான பழந்துரு கறுப்புக்கு அருகில் போன பழுப்பு. சில இடத்தில் நாவற்பழத்தின் நிறம். இந்தக் குப்பியில் இருப்பது அந்த நிறம்தான். பிரேக் தூளும் சரியானது: வார்ப்பிரும்புப் பிரேக் கட்டைகள் தேய்ந்து பறக்கும் தூள் அடிச்சட்டத்தில் படியும்போது வரும் செம்பழுப்பு, அதை ஈரமில்லாத தூரிகையால் சக்கரத்தைச் சுற்றியே பரப்பவேண்டும், சுவரில் அல்ல. சக்கரத்தின் ஓடும் விளிம்பு வெள்ளியாகப் பளபளக்கவேண்டும். அங்கே எதுவும் பூசக்கூடாது.

புதுத் துரு எனக்குப் பிடிக்கவில்லை. தூள் பருமன், எட்டத்தில் இருந்து பார்த்தாலும் மணல் ஒட்டியதுபோல் தெரியும். கபுக் கல்லை உடைத்து, உரலில் அரைத்து, மெல்லிய துணியில் சலித்தெடுத்த தூளை அதற்குப் பதிலாகப் பயன்படுத்தினேன். கொழும்பைச் சுற்றியுள்ள எந்த மேட்டிலும் கிடைக்கும் இந்தச் செந்நிறக் கல்லின் தூள், மாட் மீடியம் என்ற, மங்கலாகக் காயும் நிறமற்ற பிணைப்புத் திரவத்தோடு கலந்தால், மழை நாளில் ரிவெட்டிலிருந்து வடியும் புதுத் துருவின் நிறத்தை அப்படியே தருகிறது.

துரு எங்கே வரும் என்பதை இந்தத் தொகுப்பின் குறிப்புத் தாள் சொல்லித்தரவில்லை. அதை ரயிலில் போய்த்தான் படிக்கவேண்டும். மருதானையிலிருந்து தெமட்டகொடைப் பக்கம் போகும்போது, யன்னலருகில் இருந்துகொண்டு ஒதுக்கிவைத்த பழைய பெட்டிகளைப் பார்த்திருக்கிறேன். சுவரின் நடுவில் துரு தொடங்குவதில்லை. தகடு ஒன்றன்மேல் ஒன்று படியும் இணைப்பிலும், நீர் தங்கிநிற்கும் அடிவிளிம்பிலும், கதவு திறந்து மோதும் இடத்திலும், ரிவெட் தலையைச் சுற்றியுமே தொடங்கும். அங்கிருந்து கீழ்நோக்கி வடியும்; பக்கவாட்டில் பரவாது. ஆகவே ஊசித் தூரிகையால் ரிவெட்டின் அடியில் ஒரு புள்ளி வைத்து, அது காய்வதற்கு முன், தின்னரில் நனைத்துப் பிழிந்த தட்டைத் தூரிகையால் ஒரே இழுப்பாகக் கீழே இழுக்கவேண்டும். இரண்டாவது இழுப்பு இழுத்தால் கோடு கலைந்து கறையாகிவிடும்.

கடற்காற்று இன்னொரு பாடம். கொள்ளுப்பிட்டியிலிருந்து வெள்ளவத்தை வரை பாதை அலைக்கு அருகிலேயே ஓடுகிறது. என் வீட்டுக்குக் கீழே வேலிக்கு நட்டிருக்கும் பழைய தண்டவாளத் துண்டுகள், கடற்பக்கம் செதில் செதிலாக உரிந்தும், வீதிப்பக்கம் வர்ணத்தோடும் நிற்கின்றன. மே மாதத்திலிருந்து செப்டெம்பர் வரை வீசும் தென்மேல் பருவக்காற்று உப்பை ஒரே பக்கத்தில் கொண்டுவந்து அப்புகிறது. நெடுங்காலம் ஒரே இடத்தில் நின்றுவிட்ட பெட்டிக்கும் அதுவே கதி. என் பெட்டியின் ஒரு பக்கத்தை அப்படியே செய்தேன்: அடியில் பழந்துரு நிறம், அதைக் காக்க ஒரு படலம் வார்னிஷ், அதன்மேல் இரண்டு முறை தலைமயிர்த் தெளிப்பான், அதன்மேல் நீரில் கரையும் சிவந்த பழுப்பு வர்ணம். வர்ணம் தொடுவதற்குக் காய்ந்ததும் ஈரத்தூரிகையால் விளிம்புகளைத் தட்டினால், அடியிலுள்ள தெளிப்பான் கரைந்து, மேல்வர்ணம் செதிலாக உரிந்து துருவைக் காட்டும். உலர்ந்த ஊர்களில் அரை மணித்தியாலம் கழித்துச் செய்யச் சொல்வார்கள். இங்கே காற்றின் ஈரமே தெளிப்பானை இளகவைத்திருப்பதால், பத்து நிமிடத்திலேயே உரியத் தொடங்கிவிட்டது. தாமதித்திருந்தால் கைவிரல் பட்ட இடமெல்லாம் போயிருக்கும். மற்றப் பக்கத்தை வெயிலில் வெளிறிய நிறத்தோடு விட்டுவிட்டேன். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கவேண்டும் என்று படக்குறிப்புத் தாளில் வரைந்திருப்பது தவறு.

நான்காவது குப்பி சீமெந்து. இதற்காகத்தான் இந்தத் தொகுப்பை வாங்கினேன், இதில்தான் தயாரிப்பாளரோடு நீண்ட நேரம் பேசினேன். தூளின் நிறம் சரி. பச்சை கலந்த சாம்பல். அது சீமெந்து அல்ல, சீமெந்து நிறமுள்ள தூள். அதுவும் நல்லதே, உண்மையான சீமெந்து ஈரத்தில் இறுகித் தூரிகையையும் கெடுக்கும். ஆனால் குறிப்புத் தாள் அதைப் பெட்டி முழுவதும் மென்மையாகத் தூவச் சொல்கிறது. கோதுமை மாவு ஏற்றிய பெட்டிக்கு அது பொருந்தும். சீமெந்துத் தூளில் மழை பட்டால் அது கழுவுண்டு போகாது; அந்த இடத்திலேயே கல்லாகிவிடும். ஆகவே மழை படும் இடத்தில் அது மேலோடு போலத் தடித்திருக்கும். மழை படாத இடத்தில், அதாவது கூரை விளிம்பின் கீழும் கதவின் மேற்சட்டத்தின் கீழும், இன்னும் தூளாகவே இருக்கும். அதிகம் சேருவது கதவின் அடிப்படியில். மூட்டையைத் தோளிலிருந்து இறக்கி இழுக்கும் ஒவ்வொரு முறையும் சாக்கின் தையலிலிருந்து கொஞ்சம் கொட்டும். அந்த இடத்தில் படியின் விளிம்பு தேய்ந்து இரும்பு தெரியும், இரும்பின் இருபக்கமும் சாம்பல் மேலோடு படிந்திருக்கும், அதற்குக் கீழே நீளப் பலகையில் நாலைந்து சாம்பல் வடிதல்கள் இறங்கியிருக்கும்.

அதைச் செய்தது இப்படி. தூளையும் மாட் மீடியத்தையும் இரண்டு துளி நீரையும் தயிர்ப் பதத்தில் குழைத்து, மூன்று பூச்சிய அளவுத் தூரிகையால் கதவுப் படியின் நீளத்துக்கு ஒரு கோடாக வைத்தேன். காயும் முன் கிழித்தெடுத்த ஸ்பொஞ்சுத் துண்டால் ஒற்றி அதன் ஒழுங்கைக் கெடுத்தேன். காய்ந்ததும் இன்னொரு படலம், இம்முறை பாதி நீளத்துக்கு மட்டும். மூன்றாவது படலம் மோர் பதத்தில், படியிலிருந்து கீழே வடியும்படி. கடைசியில் பென்சில் முனைக் கரியை விரல்நுனியில் எடுத்து, மூட்டை உரசும் விளிம்பில் மட்டும் தேய்த்தேன். அது இரும்பாக மினுங்கியது. கூரையில் நின்றுபோன அந்த வெள்ளைத் திட்டை இதோடு சேர்த்து மறைக்கலாமா என்று யோசித்தேன். ஆனால் கூரையின் உச்சியில் சீமெந்து தேங்க வழியில்லை என்பதால், அதைத் தேய்த்தெடுத்து மறுபடி வர்ணம் பூசினேன்.

தயாரிப்பாளருக்கு இந்தப் பெட்டியைக் கொண்டுபோய்க் காட்டினேன். கதவுப் படியை வெகுநேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "அண்ணை, நான் காங்கேசன்துறை வண்டியைக் கண்டதில்லை. நீங்கள் இதை எழுதித் தாங்கோ, தாளிலை போடுறன்" என்றார். எழுதிக் கொடுத்திருக்கிறேன். இதுவரை பெரும்பாலும் படங்களும் எண்களுமே இருந்த குறிப்புத் தாளில், இனிமேல் ஒரு பக்கம் தமிழ் விளக்கமும் இருக்கும்.

விலை 7,500 ரூபாய், சக்கரம் இல்லாமல். பிரித்தானியத் தொகுப்பொன்று தபாற்செலவும் சுங்கமும் சேர்ந்து என் கைக்கு வரும்போது இதைவிட அதிகம் ஆகியிருக்கிறது. அதில் சாய்ந்தாடும் அச்சும் இல்லை, நிறத்தூளும் இல்லை. முதற்தடவையாகப் பெட்டி கட்டுபவருக்கு இதைப் பரிந்துரைக்கமாட்டேன்; ஒரு பிளாஸ்டிக் தொகுப்பில் கை பழகிவிட்டு வருவது நல்லது. இரண்டு மூன்று கட்டியவருக்கு, துளையையும் பிரேக் கைப்பிடியையும் பற்றி முன்கூட்டியே தெரிந்திருந்தால், இதற்கு ஈடாக இங்கே வேறொன்றும் இல்லை.

வாங்குபவர்கள் இரண்டு விடயத்தை முதலிலேயே சொல்லிவிடவேண்டும். கூரையைத் தட்டையான பலகையில் வைத்து இன்னொரு முறை ஒளியில் இறுக்கித் தரும்படி கேளுங்கள். அவர் மறுப்பதில்லை, நேரம் மட்டும் ஒரு நாள் கூடும். எழுத்துத் தாளில் 1972க்கு முந்தியதா பிந்தியதா வேண்டும் என்பதையும் சொல்லுங்கள். தாள் தீர்ந்துகொண்டிருப்பதால், அடுத்த தொகுதியில் இரண்டையும் தனித்தனியாக அச்சிடப்போவதாகச் சொன்னார். வேண்டுகோள் கொடுத்து மூன்று வாரத்தில் பெட்டி தயாராகிறது, மழைக்காலத்தில் நான்கு.